பாவற்பந்தலுக்கு வெட்டிய தடி

"உது மூங்கில் இல்லையெண்டு போன வருசமே சொன்னனான். கேட்டீரே?"

"அங்கிள், வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கத்தாதையுங்கோ. என்ரை வளவுக்கை நான் என்னத்தையும் நடுவன்!"

"நட்டது உம்மடை வளவுக்கை. முளைக்கிறது என்ரை கராஜுக்கை!"

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவந்த நிரோஷினி, ஆறிப்போன தேத்தண்ணியோடு குசினி யன்னலில் நின்று புருசனும் பக்கத்து வீட்டுக்காரரும் பிடிக்கிற சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அமிர்தநாதருக்குப் பென்சன் எடுத்த நாள்முதல் பக்கத்து வளவுகள்தான் உத்தியோகம். ஆனாலும் இந்தமுறை மனிசன் சொன்னதில் பொய் இல்லை.

போன ஆடியில் அவளுடைய புருசன் றூபன் பின்னாலுள்ள ஓடைக்கரையில் ஆளுயரத்துக்கு நின்ற தடிகளை வெட்டிவந்து பாவற்காய்க் கொடிக்குப் பந்தல் போட்டான். உள்ளே கோறை, வெளியே கணுவும் சிவப்புப் புள்ளியும், பார்த்தால் மூங்கில்தான். கடையில் காசு கொடுத்துத் தடி வாங்குகிறவர்கள் மடையர்கள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவனிடம் நாலு தடி கேட்கலாமென்று நினைத்தவர்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். இப்போது ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பச்சைத்தடி கணுவில் வேர்விட்டது. பனி உருகியதும் வளவு முழுக்க விரல் விரலாகச் சிவந்த முளைகள் வந்தன.

சண்டை முடிந்த சூட்டில் றூபன் மண்வெட்டி எடுத்தான். மூன்று நாள் கிண்டினான். நாலாம் நாள் இடுப்புக்கு மேலே நாரி பிடித்துக்கொண்டது. வைத்தியர் கட்டாந்தரையில் படுக்கச் சொன்னார் என்று வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மென்ற் அறை நிலத்தில் மெல்லிய மெத்தையைப் போட்டுப் படுத்தான்.

பிறகுதான் களை அழிக்கிற பேனாட் வந்து பார்த்தான். குழியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"அக்கா, இது ஜப்பான் நொற்வீட் எண்ட களை. கிண்டக்கூடாது. விரல்நுனியளவு வேர் அறுந்து விழுந்தாலும் அது புதுசா ஒரு கண்டு. கீழை மூண்டு மீற்றர் போகும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"இப்ப ஒண்டும் செய்யேலாது. பூக்கேக்கைதான் சத்தெல்லாம் கீழை இறங்கும். அப்ப தண்டுக்கை ஊசியாலை மருந்தடிச்சா வேர் முழுக்கச் சாகும். அதுமட்டும் கை வையாதையுங்கோ." போகும்போது திரும்பினான். "பேஸ்மென்ற் நிலத்திலை வெடிப்பு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை" என்றாள் நிரோஷினி. பார்க்கவில்லை. மெத்தை கிடந்தது, மெத்தையில் மனிசன் கிடந்தான், அதைத் தூக்கிப் பார்க்க அவளிடம் சீவனும் இல்லை. ஆவணி முதல் ஞாயிறு மகள் நிலாணிக்குக் கலியாணம். அதற்குள் தகப்பன் எழும்பி நின்று தாரைவார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பகலில்தான் அவளுக்கு நித்திரை. கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினால், குளிரூட்டியின் இரைச்சலுக்கும் தெருவில் புல்லு வெட்டும் சத்தத்துக்கும் அடியில், கைவிரலை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பதுபோல, ஆறுதலாக, அவசரமே இல்லாமல், கீழேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கும். அதோடு, புளிக்கீரையை முறித்தால் எழுகிற பச்சைப் புளிப்பு மணம், காற்றுப்போக்கி வழியே ஏறி வந்து தலையணையில் படியும். களைப்பு என்று நினைத்தாள். களைப்புக்கு மணம் உண்டா என்று யோசிக்கவும் களைப்பாக இருந்தது.

றூபன் சாப்பாட்டை விட்டான். தண்ணீர் மட்டும் கேட்டான். முதலில் இரண்டு ஜக். பிறகு நாலு.

"நாரி எப்பிடியப்பா?"

"நோவே இல்லை, நிரோ. நல்ல சுகமாக் கிடக்கு. அந்தச் சின்ன யன்னல் சீலையை ஒருக்கா விலத்திவிடும்."

விலத்திவிட்டாள். அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்தாள். காலையில் அவள் வேலையால் வரும்போது அவன் முகம் கிழக்குப் பார்த்துக் கிடக்கும். பின்னேரம் வெளிக்கிடும்போது மேற்கு. வெயில் விழுகிற பக்கம். கழுத்து மட்டும் திரும்பியிருக்கும். உடம்பு போட்டது போட்டபடி.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. பட்டுவேட்டியோடு இறங்கினாள்.

"எழும்புங்கோ. இதை ஒருக்காக் கட்டிப் பாப்பம்."

"இஞ்சையே கிடக்கிறனே."

"உங்கடை மகளுக்குக் கலியாணம்!"

"ஓம்" என்றான், ஆருடைய மகளோ என்பதுபோல.

அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு கைகள் தாமாகவே தங்கள் வேலையைத் தொடங்கின. முதியோர் இல்லத்தில் ஓர் இரவுக்கு எட்டுப் பேரை, முதுகில் புண் வராமலிருக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் திருப்புகிற கைகள். ஒரு கை தோளில். ஒரு கை இடுப்பில். மூச்சுப் பிடித்து உருட்டினாள்.

திரும்பவில்லை.

இன்னொரு தரம். மெத்தையும் சேர்ந்து இழுபட்டது. மெத்தைக்குக் கீழே சீமெந்து கிறீச்சிட்டது.

கையை முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே விட்டாள். ஈரம். சூடு. பிறகு ஒரு தண்டு. பெருவிரல் மொத்தம். கணு. மெத்தையைத் துளைத்து வந்திருந்தது. வந்த இடம் தெரிந்தது. போன இடம், அவன்.

தடவினாள். இன்னொன்று. இன்னொன்று. எண்ணவில்லை.

"இழுக்காதையும்" என்றான் றூபன், மெல்ல. "அறுந்தா இன்னும் வரும்."

நிலாணிக்குக் குறித்த நாளில் கலியாணம் நடந்தது. சித்தப்பா தாரைவார்த்தார். தகப்பனுக்கு நாரி என்று தாய் சொன்னாள், சபையும் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு நம்பியது. பெண்ணும் மாப்பிள்ளையும் பிறம்ரன் நகருக்குக் குடிபோனார்கள். அமிர்தநாதர் அரைவிலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு விட்பி நகரில் மகனோடு இருக்கிறார். அங்கேயும் வேலி இருக்கிறதாம். பூக்கிற பருவத்தில் பேனாட் ஊசியோடு வந்து மூன்று தரம் மணி அடித்தான்.

"அக்கா, இப்ப அடிச்சாத்தான் வேர் முழுக்கச் சாகும்!"

கதவு திறக்கவில்லை.

நிரோஷினி கீழே, தளிர்களுக்கு நடுவே முழங்காலில் இருந்தாள். வயதானவர்களின் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் அவன் உதட்டைச் சுற்றி வந்ததை மட்டும் வெட்டினாள். கணுவில் படாமல். வெட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினாள். ஜக்கைத் தூக்கினாள்.

"ஆ காட்டுங்கோ."

றூபன் வாயைத் திறந்தான். தொண்டைவரைக்கும் வெள்ளைப் பூ.