நெருங்க இயலாதது

காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தபோது மலை சற்று முன்னால் வந்திருந்தது.

மதிவதனி பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பின்வாசலுக்கு எதிரே வள்ளியின் ஓட்டு வீடு, அதன் பின்னால் கடலைக் கொல்லை, அதற்கும் அப்பால்தான் எப்போதும் மலை. இன்று கொல்லையைக் காணவில்லை. ஓட்டு விளிம்பிலேயே பாறை தொடங்கியது. ஈரக் கல்லின் வாசனையும் நசுங்கிய புல்லின் வாசனையும் உள்ளே வந்து, கொதித்த பாலின் வாசனையை மெல்ல ஒதுக்கித் தள்ளின.

"மழை வுட்டா மலை கிட்டக்கதான் தெரியும்" என்றான் அவள் கணவன் மூர்த்தி, சட்டையை மாட்டிக்கொண்டே. "இத வெளிய போய் சொல்லிக்கினு இருக்காத. ஏற்கெனவே ஊர்ல உனக்கு ரொம்ப நல்ல பேரு."

அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். ஐப்பசியில், ஊர்ப் பெரியவர்கள் முன்னால், மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, இவளுக்குப் புத்தி சரியில்லை, பிள்ளையைக் கிணற்றில் தள்ளப் போனாள் என்றான். "நான் பாத்தேன்" என்று சத்தியம் செய்து அந்தச் சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள் வள்ளி. பிரசவத்தில் இரவெல்லாம் இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த வள்ளி. மூர்த்தியும் வள்ளியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்ற விதத்திலேயே மதிவதனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழை வந்தாலே இருமும் நான்கு வயது மகன் ஆதவன் அன்றே கீழ்பென்னாத்தூருக்கு, அவன் அத்தை வீட்டுக்குப் போனான். தீபத்தன்று மட்டும் அழைத்து வருவதாக மூர்த்தி சொல்லியிருந்தான்.

இன்று தீபம்.

பள்ளியில் அவள் தமிழாசிரியை. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணாமலை, நெருங்க இயலாத மலை. தீத்தூணின் முடியைக் கண்டதாகப் பிரமன் பொய் சொன்னான், தாழம்பூ சாட்சி சொன்னது. வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "பூவுக்கு அதுல இன்னா மிஸ் லாபம்?" அவளுக்கும் பதில் தெரிந்ததில்லை.

மத்தியானம் பாறை ஓட்டுக்கு மேலே சாய்ந்திருந்தது. அது நகர்வதை அவள் ஒருமுறையும் பார்க்கவில்லை. அரிசி களைந்துவிட்டு நிமிர்ந்தால், முன்பிருந்ததைவிட அருகில் நின்றது.

சாயங்காலம் மூர்த்தி தனியாக வந்தான்.

"ஆதவன் எங்கங்க?"

"பஸ்ல கூட்டம் ஜாஸ்தி. அடுத்த வாரம் பாக்கலாம்."

"நேத்திகூட கூட்டினு வரேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். இப்ப இன்னான்ற?" அவள் முகத்தைப் பார்க்காமலே தெருப்பக்கம் போய்விட்டான்.

உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் ஊரில் விளக்கு ஏற்றுவார்கள். அதுவரைக்கும் வீடு வீடாக அணைந்துகொண்டே வந்தது. தெரு அணைந்தது. வள்ளி வீடும் அணைந்தது. மதிவதனி இருட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி லேசாக அதிர்ந்தது. எதிரே எங்கோ ஓர் ஓடு விரிசல் விட்டது. பிறகு இன்னொன்று. அப்பளத்தை நிதானமாகக் கடிப்பது போன்ற சத்தம்.

மலை அந்த வீட்டைத் தாண்டித்தானே இங்கே வர வேண்டும் என்று நினைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாகப் பயம் விட்டுப்போயிற்று.

"வா" என்றாள் வாய்விட்டு.

ஓடுகள் மொத்தமாக இறங்கின.

அந்தச் சத்தத்துக்குள் ஓர் இருமல். வறண்ட, கடைசியில் சிறிதாக விசிலடிக்கும் இருமல்.

அவளுக்குத் தெரிந்த இருமல்.

அழைத்து வந்திருக்கிறான். அங்கே விட்டிருக்கிறான். வள்ளியோடு சேர்ந்து விளக்கேற்ற.

"வேணாம்."

ஓடினாள். தாழ்ப்பாள். கை வழுக்கியது. திறந்தாள்.

உச்சியிலிருந்து அரோகரா எழுந்தது. தெருவெங்கும் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சம் வீட்டுக்குள் நுழைந்து பின்வாசல்வரை வந்தது.

வீடு இல்லை. சந்து இல்லை. வாசற்படியிலிருந்தே பாறை. ஈரமாக. உடம்பைப் போல வெதுவெதுப்பாக.

அவள் அதன்மேல் காதை வைத்தாள். உள்ளே, அதிக ஆழத்தில் இல்லை.

"அம்மா, வெளக்கு ஏத்திட்டாங்களா?"