உறையாத மருந்து

“அவன் வேலை மட்டும் போனா பத்தாது சார். இனி எந்த ஆய்வகத்துலயும் அவன் கால் வைக்கக் கூடாது.”

வந்த பெண் விஞ்ஞானி உட்காரக்கூட இல்லை. அவருக்கு நெஞ்செல்லாம் வன்மம். துப்பறிவாளர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மச்சினனுக்கோ கை பரபரத்தது. வழக்கு வாசல்படி ஏறினாலே அவனுக்குக் குற்றவாளி தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். உடம்பில் வீக்கத்தைத் தூண்டும் ஒரு நொதியைத் தடுக்கிற மருந்தை அவர் சோதித்து வந்தார். தட்டில் வளரும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு மருந்தை விட்டால், எவ்வளவு சீண்டினாலும் அவை அடங்கிக் கிடக்கும். நேற்று அடங்கவில்லை, ஆட்டம் போட்டன. மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியில் தண்ணீரை நிரப்பியது தன் உதவியாளன்தான் என்றார் அவர். குளிர்பெட்டியின் சாவி அவர்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. ஆதாரம் கிடைத்தால்தான் பணிநீக்கத்துக்குக் கையெழுத்து என்று ஆய்வக இயக்குநர் பிடிவாதமாக இருந்தார்.

“நடுவுல வேற யாராவது குப்பியத் தொட்டிருக்கலாமே?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“வழியே இல்ல. பெட்டியிலேர்ந்து எடுத்த கையோட செல்லுக்கு விட்டேன்.”

ஆய்வகத்தில் இயக்குநர் பணிநீக்க உத்தரவோடு காத்திருந்தார். உதவியாளன் முகம் வெளுத்து ஓரமாக நின்றான். துப்பறிவாளர் குளிர்பெட்டியைத் திறந்தார். மருந்தைக் கரைக்கும் வெறும் கரைப்பான் இருந்த குப்பிகளெல்லாம் கல்லாக உறைந்திருந்தன. மருந்துக் குப்பியைச் சாய்த்தால் உள்ளே இருந்தது தளும்பியது.

“பார்த்தீங்களா அத்தான், தண்ணியேதான். இவன் கைவரிசைதான்” என்று துள்ளினான் மச்சினன்.

“கொஞ்சம் பொறு மாப்ளே.” துப்பறிவாளர் உதவியாளனிடம் திரும்பினார். “தம்பி, இந்த மருந்த எப்படி எடுப்பீங்க?”

“தண்ணியில கரையாது சார். அந்தக் கரைப்பான்லதான் கலந்து வைப்போம். தண்ணி உறையாத இந்தக் குளிர்லயே அது கெட்டியாயிடும். எப்ப எடுத்தாலும் உள்ளங்கையில பொத்தி வெச்சு, உருகினப்புறம்தான் விடுவோம்.”

துப்பறிவாளர் விஞ்ஞானியைப் பார்த்தார். “எடுத்த கையோட விட்டேன்னீங்களேம்மா. உறையாத மருந்தப் பார்த்ததுமே உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கணும். நீங்க அசரல. உள்ள தண்ணின்னு தெரிஞ்சேதான் விட்டிருக்கீங்க. மாத்தி வெச்சதும் நீங்கதான்.”

ஒரு பாவமும் அறியாதவனைக் கூண்டில் ஏற்றத் துடித்தோமே என்று மச்சினனுக்கு வெட்கமாக இருந்தது.

விஞ்ஞானி மறுக்கவில்லை. “போன வருஷம் அத்தனை பேர் முன்னாடி எழுந்து, என் ஆராய்ச்சி முடிவு தப்புன்னு சொன்னான். அன்னிக்கே நினைச்சேன், இவன சும்மா விடக் கூடாதுன்னு.”

“உங்க முடிவு சரியாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டார் இயக்குநர்.

விஞ்ஞானி, உதவியாளன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “இல்ல. அவன் சொன்னதுதான் சரி. அதத்தான் என்னால தாங்க முடியல.”