சுவருக்குள் ராக்னர்!

போன் அலறியது.

உல்ரிகா எடுத்தாள்.

"உல்ரிகா... உங்க சுவருக்குள்ள ஒரு ஆள் இருக்கான்!"

மேஸ்திரி தோர்ஸ்டனின் குரல்.

லூலியோ ஊருக்கு வெளியே புதிய ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஓடப்போகும் துகள் முடுக்கியின் கதிர்வீச்சைத் தடுக்க, இரும்புத்தாது கலந்த கான்கிரீட்டில் மூன்று மீட்டர் தடிமனில் ஒரு சுவர். வடிவமைத்தவள் உல்ரிகா. ஆறு வருட உழைப்பு!

ஓடினாள்.

சுவருக்குள் ஒலியை அனுப்பி ஓட்டை தேடும் கருவி. அதன் திரையில்...

ஓர் ஆள் அளவுக்கு ஒரு பொந்து!

"ராக்னராத்தான் இருக்கும்" என்றான் தோர்ஸ்டன். "கான்கிரீட் ஊத்தினப்ப மேல நின்னவன் அவன்தான். அப்புறம் ஆளையே காணோம். நேத்து ஃபீக்காவுக்குக்கூட வரல!"

உல்ரிகா திரையை மறுபடி பார்த்தாள்.

இந்த ஊரில் ஒருவன் வேலைக்கு வராமல் இருக்கலாம். தன் கல்யாணத்துக்கே வராமல் இருக்கலாம். காபியும் ஏலக்காய் பன்னுமாக எல்லோரும் கூடி உட்காரும் ஃபீக்காவுக்கு வரவில்லை என்றால்...

செத்துவிட்டான் என்று அர்த்தம்!

போலீஸ் அதிகாரி சிக்ரிட் வந்தாள்.

"நேத்து காபி மெஷின் திருட்டுன்னு கூப்பிட்டீங்க. இன்னைக்குக் கொலையா? சரி, சுவரை உடைங்க."

"உடைச்சா எல்லாம் போச்சு! ஒட்டுப்போட்ட இடத்துல கதிர்வீச்சு கசியும்ங்க!" என்றாள் உல்ரிகா.

"உள்ள ஒரு மனுஷன் இருக்காருங்க!"

"மனுஷன்னா பாதிக்கு மேல தண்ணி. நியூட்ரானை நல்லாவே நிறுத்துவார். காமா கதிருக்குத்தான் ராக்னர் பத்தமாட்டார்..."

சிக்ரிட் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாச்சும் தகராறா?"

"ஐயோ! ஒரே ஒரு துளை போட்டுப் பார்த்துக்குங்க. அதை அடைச்சிடலாம்."

"ரத்தம் வந்துச்சுன்னா மொத்தச் சுவரையும் உடைப்பேன்."

துளைக்கும் இயந்திரம் உறுமியது. திடீரென்று வழுக்கி உள்ளே போனது...

துளையிலிருந்து கருப்பாக ஏதோ வழிந்தது!

சிக்ரிட் விரலால் தொட்டாள். முகர்ந்தாள்.

"ரத்தம் இல்ல... காபி!"

"நம்ம மெஷின்!" தோர்ஸ்டன் வீறிட்டான்.

உல்ரிகா மூச்சு விட்டாள். சுவர் பிழைத்தது! பொந்தில் இரும்புத்தாது கலந்த சிமெண்ட் பால் ஊற்றினால் போதும்!

பின்னால் ஒரு விசும்பல்.

சுவரைச் சுற்றி வளைந்து போகும் வழியிலிருந்து ராக்னர் வெளியே வந்தான். உயிரோடு!

"தவறி விழுந்துடுச்சுப்பா... எந்த முகத்தோட உங்க முன்னால வருவேன்? அதான் இங்கயே ஒளிஞ்சுகிட்டேன்."

"ஆள் உயர காபி மெஷினை எதுக்குய்யா சுவர் மேல ஏத்தின?" என்றான் தோர்ஸ்டன்.

"கான்கிரீட்டை நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. ஃபீக்காவை நிறுத்த முடியுமா? ரெண்டும் நடக்கட்டும்னு கிரேன்ல தூக்கினேன்... நழுவிடுச்சு."

"காபிக்குக்கூட நிறுத்தக் கூடாதுன்னு சொன்ன பாவி யாரு?"

ராக்னர் மெல்லக் கையை நீட்டினான்.

அங்கே கூடியிருந்த வேலையாட்களின் அத்தனை தலைகளும் உல்ரிகாவின் பக்கம் திரும்பின.

உல்ரிகா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

யாரோ ஒரு மண்வெட்டியை எடுக்கும் சத்தம்...

சிக்ரிட் குனிந்து உல்ரிகாவின் காதில் சொன்னாள்.

"உங்க சுவர் மூணு மீட்டர்தானே? இவங்களைத் தடுக்க அது பத்தாதுங்க... ஓடுங்க!"