முதல் பூச்சு

வெள்ளை பூசிப் பத்து நாளாகியும் கேன்வாஸின் நடுவில் கையகல இடம் மட்டும் காயவே இல்லை. கொளுத்தும் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேராக அதன்மேல்தான் விழுந்தது. சுற்றிலும் சுவர்போல் இறுகிவிட்ட வெள்ளைக்குள் அந்த ஒரு திட்டு மட்டும் ஈரமாக மினுமினுத்தது. ஓவியர் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"மட்டமான துணி," என்றார். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல். ஊர் மெச்சிய ஓவியர்தான், ஆனால் இதற்கு முன் முப்பது வருஷத்தில் ஒரு கேன்வாஸைக்கூடத் தன் கையால் தயார் செய்தவரில்லை. சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடித்து, தோல்பசை காய்ச்சித் தடவி, ஈய வெள்ளையைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்கிக் கொடுத்தவள் அவர் மனைவி. தேய்க்கும்போது பறக்கும் அந்த ஈயத் தூசு விஷம் என்று வண்ணக் கடைக்காரர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். ஓவியர் அதை அவளிடம் சொல்லவில்லை. வேறு வெள்ளையில் அவருடைய வண்ணங்கள் அப்படி ஜொலிக்காதே! முதலில் அவள் கை தளர்ந்தது, பிறகு வயிறு கெட்டது, பிறகு புத்தி தடுமாறியது. போன மாதம் போய்ச் சேர்ந்தாள்.

"அக்கா நோயில சாகல மாமா. நீங்கதான் கொஞ்சங் கொஞ்சமா தேச்சுக் கொன்னீங்க," என்று மைத்துனி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது தன் உயிர் என்றதும் ஜாக்கிரதை வந்துவிட்டது. மூக்கில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காய்ந்த இடங்களை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். சர்க், சர்க். வெள்ளைத் தூசு வெயிலில் மிதந்தது. கை ஓய்ந்துபோய் நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து வந்தது, அவள் வேலை செய்த அறையிலிருந்து. சீராக, அவசரமில்லாமல். நடுநடுவே ஓர் இருமல். அவளுடைய இருமல்.

"யாரு?"

தேய்ப்பு நின்றது. கதவிடுக்கு வழியே பசை காயும் வாடை வந்தது. ஓடப் பார்த்தார். கால் எழவில்லை. யாரோ நடந்து வருவதற்கு வழிவிடுவதுபோல் தூசு இரண்டாகப் பிரிந்தது.

"விஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

காதோரம். மூச்சில்லாத குரல்.

"ஆடாம இருங்க. நடுவுல இருந்துதான் இழுக்கணும். மூலையில ஆரம்பிச்சா சுருக்கம் விழும்."

கன்னத்தின் நடுவில் இரண்டு விரல்கள். இழுத்தன. எதிர்க் கன்னத்தில் இரண்டு. இழுத்தன. பிறகு நெற்றி. பிறகு தாடை. முகம் மத்தளத் தோலாக விறைத்தது. கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

பசை. சூடாக. பிறகு வெள்ளை. கண்மேலும்.

அவளுக்கு அவசரமே இல்லை. காயட்டும் என்று காத்திருந்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. கடைசியில் ஒரு விரல் அவர் இமையைத் தொட்டுப் பார்த்தது, நன்றாகக் காய்ந்திருந்தது. புது உப்புத்தாளை நான்காக மடிக்கும் சத்தம் அவர் முகத்துக்கு வெகு அருகில் கேட்டது.