ஹில்க்காவின் காளான் சூப்

திங்கள் காலை 7.40. சமையலறைத் தரையில் ஒஸ்மோ மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது, கால்கள்தான் துவண்டிருந்தன. மேசையில் காலிக் கிண்ணம். பக்கத்து வீட்டு ஹில்க்கா முந்தின இரவு கொடுத்தனுப்பிய காளான் சூப். வசந்தத்தில் முளைக்கும் அந்தச் சுருக்கக் காளானை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் விருந்து, கொட்டாவிட்டால் விஷம்.

9.15. மருத்துவமனை வராந்தா. ஊருக்கு இருக்கும் ஒரே போலீஸ்காரி இன்கேரியை ஒஸ்மோவின் மகன் யார்மோ பிடித்துக்கொண்டான். அடுத்த மாதம் அப்பாவுக்கும் ஹில்க்காவுக்கும் கல்யாணம். அது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அவங்கதான் விஷம் வச்சிட்டாங்க. கைது பண்ணுங்க."

"பண்ணலாம். அப்பா வாந்தி எடுத்தாரா?"

"இல்ல. முதல்ல கால் விழுந்துச்சு. இப்ப கையையும் தூக்க முடியல."

"சனிக்கிழமை எப்படி இருந்தார்?"

"நல்லாத்தான். சௌனா நீராவி அறையில வம்பு பேசிக்கிட்டு, சூடு கம்மியான கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துக்கிட்டார். கிழவனாயிட்டீங்கன்னு ஓட்டினேன்."

"அதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது?"

"மே தினத்தப்ப ஜுரம், சளி. ரெண்டு வாரம் ஆச்சு, சரியாப் போச்சு."

10.05. வராந்தாவின் மறுகோடியில் ஹில்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணிய எத்தன தடவ கொட்டினீங்க?"

"மூணு."

"நீங்களும் குடிச்சீங்களா?"

"எனக்குக் காளானே ஆகாது."

சந்தேகத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. அது ஹில்க்காவுக்கும் தெரிந்திருந்தது. "முதல்ல அவர் பொழைக்கட்டும். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க," என்றாள். இன்கேரிக்கு மனசு கேட்கவில்லை.

10.30. டாக்டரோ விஷப் பரிசோதனை முடிவுக்காக மாலைவரை காத்திருப்பதாகச் சொன்னார். இன்கேரி யார்மோவையும் ஹில்க்காவையும் அவர் அறைக்கே அழைத்துவந்தாள்.

"யார்மோ, உங்கப்பா சௌனாவுல எப்பவும் எங்க உட்காருவார்?"

"மேல்படியில. நாப்பது வருஷமா யாருக்கும் விட்டதில்ல."

"அப்ப சனிக்கிழமை மட்டும் ஏன் கீழ? கால் ஏறல. சொல்ல வெட்கப்பட்டிருக்கார். சூப் குடிச்சது ஞாயித்துக்கிழமை. முந்தின நாளே காலை எப்படி முடக்கும்? இந்தக் காளான் விஷம்னா முதல்ல குடலத்தான் புரட்டும். அவருக்கு வாந்தியே இல்ல. டாக்டர், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அவருக்கு வந்த ஜுரத்துக்கு என்ன சொல்றீங்க?"

டாக்டர் சின்னச் சுத்தியலோடு எழுந்து ஒஸ்மோவின் படுக்கைக்கு ஓடினார். தட்டியதும் துள்ளவேண்டிய முழங்கால் அசையவே இல்லை.

"கிருமியை விரட்டக் கிளம்பின எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம அவர் நரம்பையே அடிக்குது. முடக்கம் நெஞ்சைப் பிடிச்சா மூச்சே நின்னுடும். நல்லவேளை, இப்பவே மருந்து ஏத்திடலாம்," என்றார்.

"குற்றவாளி அவர் உடம்புக்குள்ளேயே இருக்கான். விலங்கு மாட்ட வழியில்ல," என்றாள் இன்கேரி. யார்மோ தரையைப் பார்த்தான்.

வியாழன் மாலை 5.00. முடக்கம் நெஞ்சைப் பிடிக்காமலே நின்றுவிட்டது. விரல் அசைகிறது என்ற சேதி இன்கேரிக்குத் தித்தித்தது. வார்டு வாசலில் நர்ஸ் ஹில்க்காவை மறித்தாள்.

"குடும்பத்தாருக்கு மட்டும்தாங்க அனுமதி."

ஹில்க்கா திரும்பி நடந்தாள். யார்மோ எழுந்து வந்து அவள் கோட்டை வாங்கிக்கொண்டான்.

"குடும்பம்தான்," என்றான் நர்ஸிடம். "முதல்ல இவங்க போகட்டும். நான் அப்புறம் பார்த்துக்கறேன்."