கே.டி. முடியும் வரை

திரையில் ஒரு கட்டத்தில் ஜீவிதாவின் முகம். பக்கத்துக் கட்டம் கறுப்பு. கேமராவை அணைத்துவிட்டு உட்காருகிறவர்கள் அந்தக் கம்பெனியில் நிறையப் பேர். ஆனால் இந்தக் கட்டத்தின் கீழே பெயர் இல்லை. பெயர் கொடுக்காமல் மீட்டிங்குக்குள் யாரும் வர முடியாது.

மைக் திறந்திருந்தது. வாளித் தண்ணீரில் யாரோ துணியை மெல்ல அமுக்கி எடுப்பது போன்ற சத்தம், நின்று நின்று, ஹெட்போனுக்குள் வந்துகொண்டிருந்தது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். செருமாமல் அவளுக்குக் குரல் எழும்பாது. "ஹலோ... கேக்குதுங்களா?"

சாட்டில் எழுத்து வந்தது. 'கேக்குது. சொல்லுங்க.'

அவள் வேலையை விட்டுப் போகிறாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆய்வகத்தில், படித்த வேதியியலுக்கு ஏற்ற வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த சர்ட்டிபிகேட்டுகள் மேனேஜர் இளவரசனின் பீரோவில் இருந்தன. சேர்ந்த அன்றே வாங்கிப் பூட்டிவிட்டார். போகிறவர் தன் வேலை முழுவதையும் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'எல்லாம் புரிந்தது' என்று புது ஆள் சொன்னால்தான் பீரோ திறக்கும். அதற்குப் பெயர் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், சுருக்கமாக கே.டி.

"கே.டி.ன்னா கேடிதான்பா," என்றாள் பக்கத்து சீட் சிம்ரன். "உன்கிட்ட இருக்கறதெல்லாம் உருவிக்கினுதான் வுடுவானுங்க."

"புது ஆள் பேரு இன்னா?"

"யாருக்குத் தெரியும்? ஹெச்.ஆர். அக்கா, இளவரசன் சாரு எடுத்தாருங்குது. அவரு, ஹெச்.ஆர். எடுத்துச்சுங்கறாரு. இங்க ஒரு நாயி வந்து சீட்ல குந்தினாலும், 'தோ, புது டெவலப்பரு'ன்னு லாகின் குடுத்துடுவாங்க."

ஜீவிதா சிரித்தாள். சிரித்தாலும் அது உண்மைதான். காந்தி ரோட்டில் பட்டுக்கடை ஒன்றின் மாடியில் இருந்த அந்த ஆபீசில் யார் எந்த வேலைக்கு என்று யாருக்கும் தெரியாது. போனவர்களின் வேலை இருப்பவர்கள் தலையில் விழும். முதலாளியை யாரும் பார்த்ததில்லை. பள்ளிகளுக்கான வருகைப்பதிவு மென்பொருள் அவர்களுடையது; அதில் எங்கே எது உடைந்திருக்கிறது, எதைத் தட்டினால் மறுபடி ஓடும் என்பதெல்லாம் ஜீவிதாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. சொல்லத் தொடங்கினாள். கறுப்புக் கட்டம் எதையும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மறுநாள் காலை அவளுக்கே லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. அவளே எழுதிய நிரலைத் திறந்தாள். வேறு யாரோ எழுதியது போல இருந்தது. தூக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்று புது ஆள் கேட்டது: 'எந்த பஸ்ல வருவீங்க? எங்க ஏறுவீங்க?'

"அது எதுக்குங்க?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் இளவரசன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். "கேக்கறத சொல்லிடுமா. புது ஆளுக்கு டவுட்டு கிளியர் ஆவலன்னா நான் எப்படி ரிலீவ் பண்றது? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

சொன்னாள். ஓரிக்கை, பஸ் நிறுத்தம், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் தெரு.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில், அழுகின பூவும் டீசலும் கலந்த வாசனைக்கு நடுவே, வருகிற போகிற ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் படித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். எந்தப் பெயரும் அவளுடைய ஊராகத் தெரியவில்லை. கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"இன்னாடி வெளயாட்றியா?" என்றாள் லோகாம்பாள். "ஓரிக்கடி. பொறந்ததுலேந்து இங்கதான கீற."

வியாழக்கிழமை அது எழுதவில்லை. பேசியது. முதலில் செருமியது. அவளைப் போலவே, மெதுவாக, வெட்கப்பட்டு.

"வீட்ல உங்களை எப்படிக் கூப்டுவாங்க?"

ஜீவிதா ஹெட்போனைக் கழற்றினாள். சிம்ரன் பக்கம் திரும்பினாள். அந்த சீட் காலி. சிம்ரன் லீவு. கண்ணாடிக்கு அப்பால் இளவரசன் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பச்சை பீரோ. ஒரு சொல். அது மட்டும்தானே. அப்புறம் இந்த மாடிப் படியை மறுபடி ஏறவே வேண்டாம்.

"குட்டிம்மா," என்றாள்.

"குட்டிம்மா," என்றது அது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

இரவு வீட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சாப்பாடு ஆறிப்போகிறது என்றார்கள். லோகாம்பாள் வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான், கூப்பிட்டது தன்னை என்று ஜீவிதாவுக்குப் புரிந்தது.

"காச்சலா? கண்ணெல்லாம் எங்கயோ இருக்குது." அம்மாவின் கை நெற்றியில் பட்டது. "நாளிக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்துடுவாங்க இல்ல? சாயந்தரம் ஆபீசுக்குக் கீழயே வந்து நிக்கறேன். அப்படியே கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்."

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து மழை மூட்டம். கரண்ட் இல்லை. கீழே கடையிலிருந்து புதுப் பட்டின் கஞ்சி வாசனையும், இன்வெர்ட்டரின் புளித்த வாசனையும் சேர்ந்து படியேறி வந்தன. எரிந்துகொண்டிருந்த ஒரே டியூப்லைட்டில் மேசைகளின் நிழல்கள் சுவர்வரை நீண்டு, காலி நாற்காலிகள் எல்லாவற்றிலும் யாரோ குனிந்து வேலை செய்வது போல இருந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போயிருந்தார்கள்.

கறுப்புக் கட்டம் காத்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் இப்போது இல்லை.

"எல்லாம் சொல்லிட்டேன்," என்றாள் ஜீவிதா. "புரிஞ்சிடுச்சுன்னு ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க. ப்ளீஸ்ங்க. கீழ... கீழ எனக்காக நிக்கறாங்க." யார் நிற்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை.

"அம்மா," என்று அது எடுத்துக்கொடுத்தது.

"ஆமா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கேமரா கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. அசையாதீங்க."

அவள் அசையவில்லை. கன்னம் சில்லிட்டது. பிறகு மூக்கு. பிறகு உதடு. ஈரத் துணியால் பலகையைத் துடைக்கிற மாதிரி.

கண்ணாடிக் கதவு திறந்தது. இளவரசன் பழுப்பு நிறக் கவரோடு வந்தார். "முடிஞ்சிச்சாம்மா? சூப்பர். செக் பண்ணிக்கோ, பத்தாவதுலேந்து டிகிரி வரைக்கும் எல்லாம் இருக்குது."

ஜீவிதா கையை நீட்டினாள்.

அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டது. கவரை வாங்கியது. யாரோ செருமினார்கள்.

"தேங்க்ஸ் சார்."

"ஆல் தி பெஸ்ட் ஜீவிதா. அடிக்கடி வந்துட்டுப் போ."

படியில் செருப்புச் சத்தம். அவளுடைய செருப்பு. இளவரசன் லைட்டை அணைத்தார். சார் என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. அவர் அவளைத் தாண்டிப் போனார். கதவைப் பூட்டினார்.

ஜன்னல்.

கீழே தெரு. தூறல். பூக்காரியின் தட்டு. குடைக்குள் ஒரு அம்மாள் மாடிப்படியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அந்த அம்மாளை அவளுக்குத் தெரியும். தெரிய வேண்டும். பெயர் இல்லை.

படியிறங்கி வந்ததை அந்த அம்மாள் கட்டிக்கொண்டாள். கவரை வாங்கி, நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். "குட்டிம்மா," என்று அவள் உதடுகள் அசைந்தன. முந்தானையை எடுத்து, மழை பட்ட முகத்தைத் துடைத்துவிட்டாள்.

துடைத்த பக்கமாக வாய் கொஞ்சம் நகர்ந்தது.

அம்மாள் அதைப் பார்க்கவில்லை. பூ வாங்கத் திரும்பியிருந்தாள். அது ஒரு விரலால் வாயைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்தது. சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. பிறகு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரிக்கை பஸ்ஸைப் பார்த்து நடந்தது.