பின்சக்கரத்துக்கு அடியில்

சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் கொட்டகையில் ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்த வேனுக்கு அடியிலிருந்து "அமுக்கு" என்று குரல் வந்ததும், டிரைவர் சீட்டிலிருந்த கனகம் பிரேக் பெடலை மிதித்தாள்.

பிரேக் ஆயில் தீர்ந்துபோய், வாங்கிவரப் பக்கத்து ஊரான தண்டலத்துக்குச் சைக்கிளில் போயிருந்த புருஷன் ரகுபதி, கொட்டகையின் பின்வழியாக வந்து படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். தகரக் கூரையைப் புளியங்கிளை உரசுவதும், மெயின் ரோட்டில் பெங்களூர் லாரிகள் கியர் மாற்றி முனகுவதும், வண்டிக்குள் பழைய சீட்டும் கிரீஸும் சேர்ந்து நாறுவதும் அவளுக்குத் தூக்கத்தை வரவழைத்தன.

"அமுக்கு... அமுக்கு... புடி."

பிடித்தாள். பெடல் மெல்ல அமிழ்ந்தது.

"உடு."

விட்டாள். பிரேக் குழாயில் நிற்கும் காற்றை எடுக்க ஒருவர் மேலே மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திறக்க வேண்டும். மதியத்திலிருந்து இருவருக்கும் அதுதான் வேலை.

வண்டி அவள் தம்பி பாபுவும் ரகுபதியும் கூட்டாக வாங்கியது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று கனவு. போன ஐப்பசியில் பாபு திடீரென்று காணாமல் போனான். "பம்பாய்க்குப் பூட்டான். உங்கிட்ட கூட சொல்லிக்கல பாத்தியா?" என்றான் ரகுபதி. இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவனை நினைத்து அழுது தீர்த்தாள். அப்புறம் மனசு கசந்து, அவன் பேச்சையே எடுப்பதில்லை.

ரகுபதி தனியாளாக வண்டிக்குத் தடித்த ஸ்பிரிங் பட்டைகள் போட்டான், புது ஷாக் அப்சார்பர் போட்டான், பிரேக்கை மாற்றினான். பாபு காணாமல் போன அந்த வாரமே ரகுபதி கொட்டகை நடுவில் மட்டும் சிமெண்டு பூசி, வண்டியை அதன்மேல் நிறுத்தியிருந்தான். அதற்குப் பிறகு ஒரு அடிகூட நகர்த்தவில்லை.

"அமுக்கு."

இந்த முறை பெடல் கெட்டியாக இருந்தது.

"ஆயிலே ஊத்தல, எப்டிங்க கெட்டியா வருது?"

ஈர மண் வாடை. மழை இன்னும் விழவில்லை. டார்ச் லைட் அவள் பக்கத்து சீட்டில் கிடந்தது. இந்த இருட்டில், கீழே, எதை வைத்துப் பார்க்கிறான்?

"கால் நோவுதாக்கா?"

அது ரகுபதியின் குரல் இல்லை.

"பாபு... எப்படா வந்தே?"

"நா எங்கக்கா போனேன்?"

மூச்சு இரைக்கும் சத்தம். நெஞ்சில் பாரம் ஏறியவன் விடும் மூச்சு.

"மாமா ஜாக்கிய எறக்கிட்டாருக்கா."

வெளியே சைக்கிள் மணி. ரகுபதி ஆயில் டப்பாவோடு வாசலில் வந்து நின்றான்.

"மாமா," என்றது அடியிலிருந்து. "இந்த தபா எறக்காதே மாமா."

யார் அது என்று புருஷன் கேட்பான் என்று கனகம் காத்திருந்தாள். பதறுவான், கத்துவான், திருடன் என்பான். எதையாவது கேட்டுத் தொலைக்கட்டும்.

அவன் கேட்கவில்லை.

டப்பாவைக் கீழே வைத்தான். கையை லுங்கியில் துடைத்தான். "எறங்கு கனகம். வூட்டுக்குப் போ."

"ஏங்க... அடியில தம்பி கீறாங்க."

அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. ஜாக்கி பக்கம் குனிந்தான். திருகினான். புதுப் பட்டைகள் முனகின. இன்னொரு திருகு. அவள் பெடலை விடவில்லை. விட்டால் தம்பி செத்துவிடுவான் என்பதுபோல் மிதித்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு திருகு.

இன்னொன்று.

ஜாக்கி முழுக்க இறங்கி, ரகுபதியின் கையோடு வெளியே வந்துவிட்டது.

சக்கரம் தரையைத் தொடவில்லை. வண்டி அந்தரத்தில், அடியிலிருந்து யாரோ தூக்குவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, மேலே எழும்பிக்கொண்டிருந்தது.